கோதண்டம் மெஸ்ஸில் நான் ஊமையான கதை

சாப்பாட்டைப் பற்றிக் கருத்து இல்லாத மனிதரை ஒரகடம் பக்கத்தில் நான் இதுவரை சந்தித்ததில்லை. அரசியல் பேசினால் "நமக்கெதுக்குப்பா" என்று நழுவுகிறவர்கூட, எந்தக் கடையில் சால்னா கெட்டி என்று கேட்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்து விளக்குவார். காரணம் பெரிய ரகசியமில்லை. இங்கே கார் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் வாடகை அறையிலும் விடுதியிலும் இருப்பவர்கள். வீட்டுச் சாப்பாடு ஒரு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து போகிற தூரத்தில் இருக்கிறது. எனவே ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் கடைதான் எங்களுக்கு அம்மா, கடைதான் எங்களுக்கு மாமியார். பாராட்டினாலும் குடும்பப் பாசத்தோடு பாராட்டுவோம். திட்டினாலும் அப்படித்தான்.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பெயர் பேச்சியம்மாள். (குலசாமி பெயர்தான். ஆனால் பெயர் வைத்த நேரத்தில் சாமி கொஞ்சம் அதிகமாகவே காது கொடுத்துவிட்டது.) காருக்கு அடியில் குலுங்காமல் இருக்க மாட்டுகிற ரப்பர் புஷ் செய்யும் கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் எனக்கு வேலை. லைனில் வரும் ஒவ்வொரு புஷ்ஷையும் கையில் எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி, உருட்டி, வெளிச்சத்தில் பார்த்து, குறை கண்டுபிடிக்க வேண்டும். நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்துப் பழகிய கை, கேட்டைத் தாண்டியதும் சும்மா இருக்குமா? தோசையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தேன்.

என் அறைத் தோழி ரேவதி, கோவில்பட்டிக்காரி, அதே கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக லைனில் இருந்தாள். அவள்தான் வாட்ஸ்அப்பில் 'இன்னைக்கு எங்க சாப்பாடு?' என்று ஒரு குழு ஆரம்பித்தாள். மற்றவர்கள் அதில் எழுதினார்கள். எனக்கு எழுத வராது. என் வாயின் வேகத்துக்கு விரல் ஓடாது. அதனால் வாய்ஸ் போடுவேன். "மக்களே, பேச்சி பேசுதேன்" என்று ஆரம்பித்தால், ரேவதி வேலையைப் போட்டுவிட்டு ஒலியைக் கூட்டிக் கேட்பாள். அந்த ஒரு ரசிகை போதாதா, ஒரு பெண்ணைக் கெடுக்க?

என் கருத்துகள் சாதாரணமானவை அல்ல. தண்டலத்தில் கல்லூரிப் பக்கம் ஒரு பிரியாணிக் கடை. "முட்டைய மாப்பிள்ளை மாதிரி மேல உக்கார வச்சிருக்காவ, சோத்தைத் தோண்டிப் பாத்தா சொந்தக்காரங்க ஒருத்தரையும் காணோம்" என்றேன். குன்றத்தூர் கோயில் அடிவாரத்தில் மசால் வடை. "பாதி ருசி வடையில, மீதி ருசி நாம ஏறி எறங்குன படியில" என்றேன். வல்லம் பக்கம் ஒடிசாப் பையன்கள் நடத்தும் தகரக் கொட்டகையில் பருப்பும் காயும் சேர்த்து ஒரு குழம்பு தருவார்கள். "பேர் வாயில நுழையல, கொழம்பு நுழஞ்சிருச்சு" என்றேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் எங்கள் பக்கத்து மாஸ்டர் ஒருவர் போடும் புரோட்டாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் பதிவாகியிருந்தது. அன்று தீபாவளிக்கு ஊருக்குப் போக லீவு கிடைத்திருக்கவில்லை.

உள்ளூர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? எங்கள் கம்பெனி வேன் ஓட்டும் தேவராஜ் அண்ணன் குன்றத்தூர்க்காரர்.

"உங்க ஊரு ஆளுங்களுக்குப் புரோட்டாவ வுட்டா இன்னா தெரியும்? வடகறி துன்னுகிறியா நீ?"

எங்கள் ஊரில் அப்படியொரு பதார்த்தம் கிடையாது. நேற்றைய வடையை இன்று குழம்பில் போட்டு நம்மிடமே விற்கும் சதி என்று அதை நினைத்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையம் பக்கத்தில் இட்லிக்கு அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்த காலையில், என் பழைய கருத்தை நானே பகிரங்கமாக ரத்து செய்தேன். அதனால், நான் நியாயஸ்தி என்று பெயர் கிடைத்தது. (அந்தப் பெயர்தான் ஆபத்து. நியாயஸ்தி என்று நாலு பேர் சொல்லிவிட்டால் வாய்க்குக் கதவே இல்லாமல் போய்விடும்.)

அப்படிக் கதவில்லாத ஒரு மத்தியானத்தில்தான் பிள்ளைப்பாக்கத்துக் கோதண்டம் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு இந்த வாய்ஸைப் போட்டேன்.

"மக்களே, பேச்சி பேசுதேன். கோதண்டம் மெஸ்ல சாம்பார்னு ஒண்ணு ஊத்துனாவ. நான் கை கழுவத்தான் ஊத்துதாவன்னு நெனச்சு ரெண்டு கையையும் நீட்டிட்டேன். உள்ள ஒத்த முருங்கைக்காய் நீச்சலடிச்சுக்கிட்டுக் கெடக்கு, பேச்சுத் துணைக்கு ஒரு பருப்பு கெடையாது. ரசமும் சாம்பாரும் ஒரே வயித்துல பொறந்த ரெட்டப் புள்ளைய. எது மூத்ததுன்னு பெத்தவளுக்கே தெரியாது. வடைய நம்ம லைனுக்குக் கொண்டுவந்தா புஷ்ஷுக்குப் பதிலா மாட்டலாம், ரிஜெக்சனே வராது. ஆனா ஒண்ணு. அந்த மீன் கொழம்பு வச்சது எந்தக் கைன்னு தெரியல. அந்தக் கைக்குத் தங்கத்துல வளையல் போடணும்."

ரேவதி சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து இறங்கி உட்கார்ந்தாள். அத்தோடு அதை மறந்தேன். வாய்ஸ் மறக்கவில்லை. அது பாட்டுக்குக் கிளம்பி ஊர் சுற்றப் போயிருந்தது.

சில வாரங்கள் கழித்து, எங்களிடம் புஷ் வாங்கும் புனே கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்தார்கள். ஆறேழு பேர், தலைவி தேஷ்பாண்டே மேடம். அவர் சிரித்து எங்கள் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை. அதற்கு முன்பு நாங்கள் அனுப்பிய சரக்கு ஒன்று சரியில்லை என்று திரும்பி வந்திருந்தது. இந்த முறை அவர்கள் தலையசைத்தால் புதிய லைன் ஒன்று ஓடும். தலையசைக்காவிட்டால் இருக்கிற லைனையே குறைப்பார்கள். குறைத்தால் முதலில் வெளியே போவது ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். அதாவது ரேவதி.

காலை முழுக்க மேடம் எதைப் பார்த்தாலும் "ம்" என்றார். அந்த "ம்"முக்கு அர்த்தம் தெரியாமல் எங்கள் மேனேஜர் சம்பத் சார் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது, நட்சத்திர ஓட்டல் பஃபே எல்லாம் வேண்டாம், உங்கள் தொழிலாளர்கள் எங்கே சாப்பிடுகிறார்களோ அங்கே அழைத்துப் போங்கள் என்று மேடம் சொல்லிவிட்டார்.

சம்பத் சார் நேராக என்னிடம் வந்தார்.

"பேச்சி, நீதானே சாப்பாட்டு விஷயத்துல அத்தாரிட்டி? ஒரு நல்ல இடமா சொல்லு. நீயே கூட வா. இதுல சொதப்பினா மொத்தமும் போச்சு."

அத்தாரிட்டி! அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நான் தரையில் நடக்கவில்லை. வேனில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பின்னால் திரும்பி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "மேடம், டுடே யூ சீ, டேஸ்ட்டு!" என்று அறிவித்தேன். மேடம் "ம்" என்றார்.

என் முதல் தேர்வு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. போய் இறங்கினால் ஷட்டர் மூடியிருந்தது. கடைக்காரர் மகளுக்கு அன்று கல்யாணம். ஷட்டரின் மேல் கட்டியிருந்த பேனரில் மணமக்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தபடி 'அனைவரும் வருக' என்றார்கள்.

"கல்யாணம் குன்றத்தூர்லதான் சார். இப்போ போனாகூட பந்தி ஓடிகினுதான் இருக்கும்" என்றார் தேவராஜ் அண்ணன்.

சம்பத் சார் மறுக்காமல் ஒரு கணம் யோசித்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவ்வளவு நெருக்கடி.

அடுத்தது தண்டலம் பிரியாணி. (குறை சொன்ன கடைதான். அவசரத்துக்கு மாப்பிள்ளை மட்டும் இருந்தாலும் போதும் என்ற நிலை.) நெடுஞ்சாலையில் கார்களை ஏற்றிப் போகும் நீள லாரி ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டின் குறுக்கே நின்றது. எங்களுக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய வரை வண்டிகள். பின்னால் 'சரக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். தேஷ்பாண்டே மேடம் தன் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். புனேயிலிருந்து வந்தவர் எங்கள் ஊரில் தன் பிஸ்கட்டைத் தின்கிறார். சம்பத் சாரின் முகம் சுண்டிவிட்டது.

"வுடு சார், நான் பாத்துக்கறேன்" என்ற தேவராஜ் அண்ணன் வண்டியைத் திருப்பி ஏதோ ஒரு கிளைச் சாலையில் நுழைந்தார். இரண்டு பக்கமும் வயலும், வயலில் 'விற்பனைக்கு' பலகையும் வர ஆரம்பித்தன. பிள்ளைப்பாக்கம்.

"அண்ணே, எங்க போறீய?" என்றேன்.

"கோதண்டம் மெஸ்ஸுக்கு. இந்த நேரத்துக்கு இத்தினி பேருக்கு அங்கதான் சோறு கெடைக்கும்." பிறகு பின்னால் யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "பேச்சி, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே? உன் வாய்ஸ நான் எங்க டிரைவர் குரூப்ல போட்டுட்டேம்மா. சிரிப்பா இருந்துச்சின்னு போட்டேன். அது அங்கேர்ந்து சுத்திகினு கோதண்டத்துக்கே போயிட்ச்சி."

சீட்டில் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்துகொண்டேன்.

"அவுரு என்ன சொன்னாரு?"

"இந்தக் கொரலு எவளுதுன்னு ஒரு வாட்டி நேர்ல பாக்கணும்னு வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லிகினு கீறாரு. பயப்படாத. உன் மூஞ்சி அவருக்குத் தெரியாது, கொரலுதான் தெரியும். வாயத் தொறக்காத. அவ்ளோதான் மேட்டரு."

என்னிடம் போய் இப்படி ஒரு யோசனை! ஆனால் வேறு வழியில்லை. பின்னால் திரும்பி, தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன்.

"இப்பதானே நல்லா பேசிட்டு வந்தே?" என்றார் சம்பத் சார்.

மழைக்கால ஏரிக்கரைத் தவளை போல ஒரு சத்தத்தை எழுப்பிக் காட்டினேன். அத்தாரிட்டி நடுவழியில் பழுதாகிவிட்டதைப் பார்த்து, அவர் கண்ணை மூடி முணுமுணுத்தார். நிச்சயம் சாமி பெயராக இருக்காது.

மெஸ் என்றால் தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, பின்பக்கம் அவர்கள் வீடு. உள்ளே பல கம்பெனிச் சீருடைகள் வரிசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கோதண்டம் கனத்த உடம்பும் அதைவிடக் கனத்த மீசையுமாக எழுந்து வந்தார்.

"வாங்க, வாங்க! இன்னா, எல்லாம் பெரிய எடத்து ஆளுங்களா கீறாங்கோ? எத்தினி எல போடட்டும்மா?"

நான் விரல்களைக் காட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"ஏம்மா, உனக்குப் பேச்சு வராதா?"

தலையை ஆட்டினேன். அந்த மீசைக்கு மேலே இருந்த முகம் அப்படியே இளகிப்போனது.

"அய்ய, பாவம்! லட்சணமா கீது பொண்ணு, ஆண்டவன் வாயக் குட்க்காம வுட்டுட்டானே." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அடியே வசந்தா! வாய் பேசாத பொண்ணு ஒண்ணு வந்துகீது. வறுத்த மீனு நல்ல துண்டா ஒண்ணு எட்து வை!"

தேவராஜ் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

கோதண்டம் என்னைத் தனியாகக் கவனித்தார். பேச்சு வராது என்றால் காதும் கேட்காது என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, என் முகத்துக்கு நேரே குனிந்து, "பொ... ரி... ய... லு... வோணுமா?" என்று பக்கத்து ஊருக்குக் கேட்கும்படி கேட்டார். எல்லோருக்கும் ஒரு அப்பளம் வைத்தவர் எனக்கு மட்டும் இரண்டு வைத்தார். என் மனசாட்சி உறுத்தத்தான் செய்தது. ஆனால் அப்பளம் நொறுங்குகிற சத்தத்தில் அது என்ன சொன்னது என்று சரியாகக் கேட்கவில்லை.

அப்போதுதான் சமையலறையிலிருந்து ஒரு கை, புதிதாக இறக்கிய சாம்பார் பாத்திரத்தை மேடைமேல் வைத்தது. எனக்கு நேர் எதிரே. பெருங்காயமும் கொத்தமல்லியும் வெந்த பருப்புமாக ஒரு வாசனை வந்தது பாருங்கள், நான் முன்பு சாப்பிட்டது இந்தக் கடையில்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. கரண்டி அதில் நட்டு வைத்தது போல நின்றது. சின்ன வெங்காயம் முழுசு முழுசாகத் தெரிந்தது.

கோதண்டம் பாத்திரத்தைப் பார்த்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். வாசலில் புதிதாக வந்து நின்ற சீருடைகளைப் பார்த்தார். பிறகு, மிகச் சாதாரணமாக, அடுப்போரம் இருந்த வெந்நீர் ஜக்கைக் கையில் எடுத்தார்.

இந்த இடத்தில் என் மனதில் கம்பெனியின் எதிர்காலமும் ரேவதியின் வேலையும் வந்து நின்றதாக எழுத எனக்கும் ஆசைதான். எதுவும் வந்து நிற்கவில்லை. அந்தச் சாம்பார் மட்டும்தான் தெரிந்தது. ஜக் சாய்ந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"அண்ணாச்சி! அதுல தண்ணி ஊத்தாதீய!"

வாய்க்குப் போன கைகள் பாதியில் நின்றன. ஜக்கும் அந்தரத்தில் நின்றது. கோதண்டம் என்னைப் பார்த்தார். அவர் கண்கள் விரிந்தன. முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்ததோ பரவசம்.

"பொண்ணுக்குப் பேச்சு வந்துட்ச்சி! முருகா!" என்று ஜக்கோடு சேர்த்துக் கையைக் கூப்பி, குன்றத்தூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். "வசந்தா! நம்ம கடைல பொண்ணுக்குப் பேச்சு வந்துட்ச்சிடி!"

இரண்டு மூன்று பேர் அவரோடு சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் செய்தார்கள். அத்தோடு விட்டிருந்தால் நான் இன்று பிள்ளைப்பாக்கத்தில் ஒரு தெய்வீகச் சம்பவமாக இருந்திருப்பேன். ஆனால் கடைசி மேசையில் ஒரு வேன் டிரைவர் இருந்தார்.

"மாமா, இன்னா முருகா? கொரலக் கேளு மாமா. இது அந்த வாய்ஸு!"

சொன்னதோடு நிற்காமல் போனை எடுத்து அழுத்தினார். "மக்களே, பேச்சி பேசுதேன்..." என்று என் குரல் கடை முழுக்க நிறைந்தது. என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கை கழுவிய வரிக்கு மூலையில் ஒருவருக்குப் புரையேறியது. ரெட்டைப் பிள்ளைகளுக்கு மொத்தக் கடையும் சிரித்தது. நான் என் இலையில் இருந்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேஷ்பாண்டே மேடம் சம்பத் சாரிடம் இது என்ன என்று கேட்டார்.

"லோக்கல் சாங், மேடம்" என்றார் சம்பத் சார்.

அதே நேரத்தில்தான் போனில் நான் 'புஷ்' என்றேன். அடுத்து 'ரிஜெக்சன்' என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்கும் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. மேடத்தின் தலை நிமிர்ந்தது. உங்கள் ஊர்ப் பாட்டில் எங்கள் புஷ் எதற்கு வருகிறது என்று கேட்டார்.

சம்பத் சார் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது கோதண்டம் என் முன்னால் வந்து நின்றார். கையில் இன்னும் ஜக்.

"நீதானா அது?"

"நாந்தான் அண்ணாச்சி."

அவர் மீசை துடித்தது. என்ன சொல்லித் திட்டுவது என்று தேடினார். கடைசியில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ரெண்டு அப்பளம் குட்த்தேனே உனுக்கு!"

நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். அப்போது சமையலறைத் திரையை விலக்கிக்கொண்டு, கையில் கரண்டியோடு கோதண்டத்தின் மனைவி வெளியே வந்தார். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கடையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"யார்து அந்தக் கொரலு?"

எல்லா விரல்களும் என் பக்கம் திரும்பின. (தேவராஜ் அண்ணனின் விரலும். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) வசந்தா அக்கா நேராக வந்தார். கரண்டி இருந்த கை மேலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கரண்டி மேசைமேல் 'டங்' என்று விழுந்தது. என் இரண்டு கன்னத்தையும் ஈரக் கைகள் பிடித்துக்கொண்டன.

"நீ நல்லா இருக்கணும் கண்ணு! கல்யாணம் ஆன நாளா இந்த ஆளாண்ட நான் கத்திகினு கீறேன். நான் கெட்டியாத்தான் எறக்கிக் குட்க்கறேன். எலையாண்ட போறதுக்குள்ள அது ஏரித் தண்ணியாப் பூடுது. ஒருத்தனாவது கேட்டானா? எல்லாரும் அந்தச் சாம்பாரு வரிக்கும் கேட்டு இளிச்சிட்டு நிறுத்திட்டானுங்கோ. கடசி வரிக்கும் கேட்டவ நான் ஒருத்திதான். அந்தக் கைக்கு வளையல் போடணும்னியே, அன்னிக்கு நான் உள்ள போயி அழுதேன், தெரியுமா?"

கோதண்டத்துக்கும் ஒரு பக்கம் நியாயம் இருந்தது. அதையும் அவர் விடவில்லை.

"கூட்டம் சேந்தா நான் இன்னாடி பண்ணுவேன்? ஷிப்டுக்கு லேட்டாவுதுன்னு நிக்கிறவன, சாம்பாரு இல்ல போடான்னு பசியோட அனுப்பச் சொல்றியா?"

பேச்சு திரும்ப வந்துவிட்ட பிறகு நான் எதற்குச் சும்மா இருக்க வேண்டும்?

"அனுப்ப வேண்டாம் அண்ணாச்சி. சாம்பார் தீந்துட்டா தீந்துட்டுன்னு சொல்லுங்க. ரசத்த ஊத்துங்க. அக்கா வச்ச மீன் கொழம்ப ஊத்துங்க. அதுக்குக் கோவப்படுற ஆளு இந்த ரோட்டுல உண்டா? நல்லா இருக்க சாம்பாரோட பேர நீங்களே கெடுக்கலாமா?"

"அதான மாமா" என்று ஒரு சீருடை சொன்னது. "தண்ணி வேணாம் மாமா" என்று இன்னொன்று. "ஜக்க கீழ வை மாமா!" என்று கடையே சொல்ல ஆரம்பித்தது. இலைகளுக்கு நடுவே, கையில் வெந்நீரோடு, கோதண்டம் தனியாக நின்றார். பிறகு ஜக்கை மெதுவாக மேசைமேல் வைத்தார். கைதட்டல் கேட்டது. ஏதோ தேர்தலில் ஜெயித்து ஊர்வலம் வந்தவள் மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

வசந்தா அக்கா தன் கையாலேயே சாம்பாரை எடுத்துக்கொண்டு தேஷ்பாண்டே மேடத்தின் இலைக்குப் போனார். அது ஓடவில்லை. சோற்றின் மேல் ஏறி அமர்ந்தது. மேடம் பிசைந்தார். சாப்பிட்டார். இரண்டாவது வாய் சாப்பிட்டார். காலையிலிருந்து கேட்ட அந்த "ம்" வந்தது. ஆனால் இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு.

அதற்குப் பிறகு, புஷ் விவகாரத்தை முழுவதும் சொல்லியே தீர வேண்டும் என்று சம்பத் சாரை அவர் பிடித்துக்கொண்டார். சம்பத் சார் இந்தியில் தட்டுத்தடுமாறுவதைப் பார்க்கச் சகிக்காமல் நானே இறங்கினேன்.

"மேடம், வடை ஹார்டு. புஷ் ஆல்சோ ஹார்டு. புஷ், ஹார்டு குட். வடை, ஹார்டு நாட் குட்."

மேடம் தன் இலையிலிருந்த வடையை எடுத்தார். நாங்கள் லைனில் செய்வது போலவே கட்டைவிரலால் அழுத்தினார். உருட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அப்ரூவ்டு" என்றார். "ஆஸ் எ புஷ்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சம்பத் சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். மேடத்துக்குப் பல் இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

"வடை நான் சுட்டதுமா" என்றார் கோதண்டம், பரிதாபமாக. அதற்கும் சிரிப்பு. கடைசியில் அவரும் மீசைக்குள் சிரித்துவிட்டார்.

கை கழுவிவிட்டு வந்த மேடம் என்னைக் காட்டிச் சம்பத் சாரிடம் ஒரு கேள்வி கேட்டார். போன தடவை அந்தச் சரக்கை எங்களுக்கு அனுப்பியபோது இந்தப் பெண் எங்கே இருந்தாள்?

"அது... அப்போ இவங்க வேற ஷிப்டுல, மேடம்."

அப்படியானால் இனிமேல் எங்களுக்கு வரும் பெட்டியை இவள் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும் என்றார். இலைக்கு வருவதற்கு முன்னால் கத்துகிற ஆள்தான் தனக்கு வேண்டும் என்றும் சொன்னார். அன்று மத்தியானம் ஆய்வு அறையில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எல்லாக் கேள்விகளையும் என்னிடமே கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குறை இருந்த இடத்தில் குறை என்றேன். சம்பத் சாரின் கைக்குட்டை அன்று பட்ட பாட்டை விவரிக்க வேண்டாம். ஆனால் புதிய லைன் வந்தது. ரேவதி போகவில்லை. இப்போது அந்த லைனுக்கே அவள்தான் லீடர். ஏதாவது தப்பாக ஓடினால் அவள் போடும் சத்தம் என் சத்தத்தைவிடப் பெரிது.

அன்று மெஸ்ஸை விட்டுக் கிளம்பும்போது கோதண்டம் வேன் வரைக்கும் வந்திருந்தார்.

"இன்னொரு வாய்ஸு வுடும்மா. இந்தத் தபா நல்லதா."

"சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன் அண்ணாச்சி" என்றேன். மறுவாரம் போய்ச் சாப்பிட்டேன். சொன்னேன். "மக்களே, பேச்சி பேசுதேன். கோதண்டம் மெஸ் சாம்பார்ல இப்போ முருங்கைக்காய் நீந்த முடியல, நடந்துதான் போவுது. வடை மட்டும் இன்னும் நம்ம கம்பெனிச் சரக்குதான்." அதற்குப் பிறகு அங்கே உட்கார இடம் கிடைக்க நின்று காத்திருக்க வேண்டியதாயிற்று. எனக்கு மட்டும் வசந்தா அக்கா சமையலறைக்குள்ளேயே ஒரு ஸ்டூல் போட்டு வைத்தார். அங்கே உட்கார்ந்து, அடுப்பிலிருந்து இறங்கும் குழம்புக்கெல்லாம் முதல் கருத்துச் சொல்கிற உரிமை எனக்கு. ஒரகடம் வட்டாரத்தில் இதைவிடப் பெரிய பதவி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதில் நான் எதிர்பார்க்காத விளைவு ஒன்றும் உண்டு. அடுத்த வருஷம் குன்றத்தூரிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வேறொரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். பெண்ணின் ஊரோ தூரம். குணம் எப்படி என்று இங்கேயே விசாரித்துவிடலாம் என்று மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும், நான் வழக்கமாகச் சாப்பிடும் இடம் எது என்று கேட்டுக்கொண்டு, நேரே கோதண்டம் மெஸ்ஸுக்கே போய்விட்டார்கள்.

"பேச்சியம்மான்னு ஒரு பொண்ணு இங்க வருதாமே, பொண்ணு எப்டிங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருக்கிறார்.

"பொண்ணு தங்கம்மா, அத வுடு" என்றாராம் கோதண்டம், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "உங்க வூட்ல சாம்பாரு எப்டி வெப்பீங்கோ?"

அந்த அம்மாள் திகைத்துப்போய், நின்ற இடத்திலேயே புளி கரைப்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாராம். நடுவில் உள்ளேயிருந்து வசந்தா அக்கா, "பருப்ப எத்தினி கையி போடுவீங்கோ?" என்று குறுக்கு விசாரணை வேறு. மாப்பிள்ளையின் அப்பா பெருங்காயத்தைச் சொல்ல மறந்துவிட்டாயே என்று பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்க, "நீங்க சும்மா இருங்க சார், அம்மாவச் சொல்ல வுடுங்கோ" என்று அவரை அடக்கிவிட்டார்களாம். எல்லாம் கேட்டு முடித்த பிறகு கோதண்டமும் வசந்தா அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டி, பிறகுதான் அவர்களை உட்காரச் சொல்லி இலை போட்டார்களாம்.

இன்று எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், இலையில் சாம்பார் விழுவதற்குள் என் மாமியார் இதைச் சொல்லியே தீருவார். "ஊரு ஒலகத்துல எல்லாரும் பொண்ணு பாத்துட்டு வருவாங்கோ. நாங்கதான் பொண்ணப் பத்திக் கேக்கப் போயி, பாஸாகி வந்தோம்!"